ஒரகடத்தில் நான் வாங்கிய மோட்டர்

1

மலேசியாவில், நம் தைப்பிங்கில் நின்றுகொண்டு "மோட்டர் வாங்கப் போறேன்" என்று நான் சொன்னால் உங்களில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். என்ன நிறம் என்று மட்டும் கேட்பீர்கள். இங்கே ஒரகடத்துக்குப் பக்கத்தில், வடக்குப்பட்டில், துணி காயப்போட்டுக்கொண்டே அதே வார்த்தையைப் பக்கத்து வீட்டுத் தெரசா அக்காவிடம் சொன்னேன். மறுநாள் காலை ஒருவர் பைப் ஸ்பேனரோடு வந்து நின்று, போர் எத்தனை அடி போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

இந்த ஊரில் மோட்டர் என்றால் தண்ணீர் இறைப்பது. நாம் மோட்டர் என்று சொல்வதற்கு இங்கே பைக் என்று பெயர், இல்லாவிட்டால் வண்டி. பதினாறு வருடங்களாக இந்த ஊரில் இருக்கிறேன், இன்னும் மாதத்துக்கு ஒரு தடவையாவது என் வாயிலிருந்து இப்படி ஒன்று வழுக்கி விழுந்துவிடுகிறது. வந்தவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினேன். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் தெரசா அக்கா வந்துவிட்டார்.

"தண்ணிக் கஷ்டம்னு நெனச்சிகினேன் ரோஸி. பைக்கா? உனக்கா?"

இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் சத்தமாகவே கேட்டார்.

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ரோசலின். தைப்பிங்கில் பிறந்து, பள்ளி முடித்து, பினாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். சேவியர் அங்கே ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்தவர். ஒப்பந்தம் முடிந்து அவர் ஊர் திரும்பியதும், நானும் என் அண்ணனோடு விமானம் ஏறி வந்து இங்குள்ள மாதா கோவிலில் அவரைக் கைப்பிடித்தேன். இப்போது கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சேவியர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். எங்கள் ஒரே மகள் ஜெனிட்டா இங்கேயே பிறந்தவள். அவளுக்குப் பதினைந்து வயது. என் தமிழ் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்பது அவள் கருத்து. தோழிகள் வீட்டுக்கு வரும்போது 'பசியாறிட்டீங்களா' என்று மட்டும் கேட்டுவிடாதே என்று முன்கூட்டியே சொல்லி வைப்பாள்.

பைக் ஆசை வானத்திலிருந்து குதிக்கவில்லை. கம்பெனி வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டதால் இனிமேல் கம்பெனி பஸ் வடக்குப்பட்டுக்குள் வராது, மெயின் ரோட்டுக்கு வந்து ஏறிக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து மெயின் ரோடு நடக்கிற தூரம் இல்லை. அன்று சாப்பிடும்போது, வண்டி ஒன்று வாங்கிவிடலாமா என்று கேட்டேன். சேவியர் உடனே தலையாட்டினார். ஸ்கூட்டி ஒன்று பார்க்கலாம், மெதுவாக உள்பாதையிலேயே போய் பஸ் ஏறிக்கொள், மெயின் ரோட்டில் ஏறாதே என்றார். எனக்கும் அப்போது மனதில் இருந்தது ஸ்கூட்டிதான்.

2

மறைமலை நகரில், ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே ஒரு பெரிய ஷோரூம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக அங்கே போனோம். விற்பனைப் பையன் எங்களைப் பார்த்ததுமே ஒரு ரோஜா நிற ஸ்கூட்டரின் பக்கம் அழைத்துப் போனான். அதன் எல்லாச் சிறப்புகளையும் சேவியரின் முகத்தைப் பார்த்தே சொன்னான். சீட்டுக்கு அடியில் காய்கறிப் பை வைக்கலாம் என்பதை மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"எத்தனை வெள்ளி?" என்று கேட்டேன். பணத்தை நாம் அப்படித்தானே கேட்போம். அவன் மிகவும் பணிவாக, எத்தனை வெள்ளிக்கிழமை வேண்டுமானாலும் காத்திருந்து நல்ல நாள் பார்த்து எடுக்கலாம் மேடம், ராகு காலம் மட்டும் தவிர்த்துக்கொள்ளலாம் என்றான். ஜெனிட்டா தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

சேவியரும் அந்தப் பையனும் தவணை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் சும்மா நடந்தேன். மறுபக்கம் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் டாங்க் மேல் கை வைத்தேன். குளுகுளுவென்று இருந்தது. யாரும் பார்க்கவில்லை. சுடிதாரைச் சரிசெய்துகொண்டு காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தேன்.

அப்போது எனக்கு என்ன ஆனது என்று எப்படிச் சொல்வது. பினாங்குத் தொழிற்சாலை வாசல் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஷிப்ட் விடும்போது கப்சாய்களின், அந்தச் சின்ன மோட்டர்களின், சத்தம் மழை மாதிரி எழும்பும். பெண்கள் காற்றுக்காக மேலே போடும் ஜாக்கெட்டைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு, ஒரு காலால் உதைத்து, பாலத்துப் பக்கம் பறப்பார்கள். நான் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் அண்ணன்கள் ஓட்டினார்கள், எனக்கு யாரும் தடை சொல்லவில்லை, கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. எப்போதும் யாராவது ஒருவர் கொண்டுபோய் விட்டார்கள். நாற்பத்தாறு வயதில் மறைமலை நகரில் ஒரு கடைக்குள், நின்றுகொண்டிருக்கும் வண்டியின் கைப்பிடி இரண்டையும் பிடித்தேன். இறங்க மனமே வரவில்லை.

"இதுதான் வேணும்" என்றேன். சேவியர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"வேணாம் ரோஸி."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம். வா, வூட்டுக்குப் போலாம்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதர் என்னிடம் காரணம் சொல்லாமல் எதையும் மறுத்தது கிடையாது. என்னை வேலைக்கு அனுப்பியவர், என் பாஸ்போர்ட்டைத் தொடாதவர், வருடத்துக்கு ஒரு முறை தைப்பிங் போய் வா என்று அவரே டிக்கெட் பார்ப்பவர். அன்று நேராக வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். ஸ்கூட்டியும் வாங்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் மெயின் ரோட்டில் இரண்டு பக்கமும் தொழிற்சாலைகள். கன்டெய்னர் லாரிகள், கம்பெனி பஸ்கள், ஷேர் ஆட்டோக்கள், இவற்றுக்கு நடுவே தூத்துக்குடியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளின் பைக்குகள். யாராவது விழுந்தால் கூப்பிடுவது சேவியரின் வண்டியைத்தான். அவர் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. வேலை முடிந்து வந்ததும் குளிப்பார். சில நாள் ரொம்ப நேரம் குளிப்பார். நானும் கேட்பதில்லை.

3

பஸ் ஊருக்குள் வருவது நின்றது. அதை ஏறும் இடம் வரை நான் ஷேர் ஆட்டோவில் போகத் தொடங்கினேன்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும்போதே அவை நிரம்பிவிடும். எங்கள் நிறுத்தத்துக்கு வரும்போது இடம் என்று எதுவும் இருக்காது. டிரைவர் தன் சீட்டில் கொஞ்சம் நகர்ந்து கொடுப்பார், அந்த ஓரத்தில் பாதி உடம்பை வைத்துக்கொண்டு, மீதியை ரோட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

இதையெல்லாம் நான் புலம்பியது முத்துச்செல்வியிடம். என்னிடம் பயிற்சி எடுத்து இப்போது லைனில் நிற்கும் பெண், சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். நல்ல உயரம். அவளும் இங்கே வந்த நாளிலிருந்து ஒரு பைக் மேல் கண் வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் சொன்னாள். அதுவும் சிவப்பு நிறத்தில், முன்பக்கம் கூராக இருக்கும் பெரிய வண்டி. ஊரில் அவள் அப்பாவிடம் சொன்னபோது, ஸ்கூட்டி என்றால் சரி, மற்றது என்றால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடு என்றாராம்.

"அப்புறம் என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"சரிப்பான்னு சொல்லி போன வச்சிட்டேன். எந்த வண்டின்னு நான் சொல்லலைல்லாக்கா."

நாங்கள் இருவரும் சாப்பாட்டு நேரத்தில் கைத்தொலைபேசியில் வண்டிகளைப் பார்த்தோம். நான் கைத்தொலைபேசி என்று சொல்லும்போதெல்லாம் அவள் சிரிப்பாள். சீட் உயரம், எடை, பிரேக் வகை என்று எங்களுக்கு எல்லாம் மனப்பாடம் ஆனது. ஓட்டத் தெரியாது என்பதைத் தவிர வேறு குறை இல்லை. கான்டீனில் உட்கார்ந்து மேஜைக்கு அடியில் இடது காலால் கியர் போட்டுப் பழகினோம். பார்த்தவர்கள் எங்களுக்குக் கால் வலி என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு நாள் காலை ஒரகடம் சந்திப்பில் எங்கள் ஆட்டோ சிக்னலுக்காக நின்றது. எதிர்ப்பக்க டீக்கடையில் சேவியர். டியூட்டி முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் வழியில் நின்றிருந்தார் போலிருக்கிறது. நான் டிரைவர் சீட்டின் ஓரத்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் சாப்பாட்டுப் பையோடு இருந்தேன். எங்களை ஒட்டினாற்போல ஒரு டிரெய்லர் லாரி நின்றது. அதன் சக்கரம் என் முழங்காலிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது. நான் கையை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை. டீ கிளாஸைக் கையில் வைத்தபடி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை நான் வீட்டுக்கு வந்தபோது அவர் தன் பழைய பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னார்:

"ஆட்டோல தொங்கினு போறத வுட, உன் கையில பிரேக் இருக்கறது மேலு. நீ மோட்டரே வாங்கிக்க."

பினாங்கில் பழகிய வார்த்தையை ரொம்ப நாள் கழித்து அவர் வாயில் கேட்டேன். அப்புறம் அவர் இன்னும் கொஞ்சம் பேசினார். பைக்கில் போகிறவர்கள் எல்லோரும் விழுவதில்லை என்று அவருக்கும் தெரியும், ஆனால் விழுந்தவர்களை மட்டுமே பார்க்கும் வேலையில் இருந்துகொண்டு அதை நம்புவது கஷ்டமாக இருக்கிறது என்றார். எந்தத் திருப்பத்தில் மணல் சேரும், எந்த கேட்டிலிருந்து லாரி பார்க்காமல் வெளியே வரும் என்று எல்லாம் தனக்குத் தெரியும், அதை எல்லாம் எனக்குச் சொல்லித் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: எந்த வண்டி என்பதை அவர் சொல்கிற சோதனையில் தேறிய பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். என்ன சோதனை என்று கேட்டதற்கு, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்து வயதுப் பிள்ளை மாதிரி புரண்டுகொண்டிருந்தேன்.

4

முதலில் லைசென்ஸ். என்னிடம் இருப்பது மலேசியக் குடியுரிமை. இந்தியரை மணந்தவர்களுக்கு இங்கே ஓ.சி.ஐ. என்று ஒரு அட்டை கொடுக்கிறார்கள், அதை வைத்துக்கொண்டு ஓட்டுநர் உரிமம் வாங்கலாம். பழகுநர் உரிமத்துக்குப் போன இடத்தில் கவுன்டரில் இருந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னாம்மா கார்டு?"

"ஓசிஐ, ஐயா."

"ஓசியா? ஓசில லைசென்ஸ் தர மாட்டோம்மா."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. இலவசத்துக்கு இங்கே ஓசி என்று பெயர். நான் மிகவும் பொறுமையாக, என் பள்ளித் தமிழில், 'நான் கட்டணம் செலுத்த ஆயத்தமாக இருக்கிறேன்' என்றேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தார், அவர் மேலும் ஒருவரை. கடைசியில் வந்த ஒரு அம்மா அட்டையைப் பார்த்ததுமே, இது சரிதான், வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். முதலில் இருந்தவர் முத்திரை குத்திவிட்டு, நீங்கள் பேசுவது கேட்க நன்றாக இருக்கிறது, எந்த டி.வி. என்று கேட்டார்.

எந்த வகை என்ற இடத்தில் 'கியர் உள்ளது' என்று நிரப்பியிருந்தேன். அதை அவர் ஸ்கூட்டர் என்று மாற்றப் போனார். நான் அவர் பேனாவைப் பார்த்தபடி, 'கியர் உள்ளது' என்று மறுபடியும் சொன்னேன். அப்படியே விட்டுவிட்டார்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள். தொழிற்பேட்டைக்குள் இன்னும் கம்பெனி எழும்பாத மனைகளுக்கு நடுவே அகலமான ரோடுகள் போட்டு வைத்திருக்கிறார்கள். ஞாயிறு காலையில் அங்கே மாடுகளையும் எங்களையும் தவிர யாரும் இல்லை. சேவியரின் பழைய பைக்கில் ஒரு சுற்று நான், ஒரு சுற்று என்னோடு பழக வந்த செல்வி.

கிளட்ச் என்ற ஒன்று இருக்கிறதே, அது நம் கப்சாய்க்குக் கிடையாது. அந்தப் பிடியை விடவேண்டிய வேகம் என்று ஒன்று உண்டு, அதைச் சொல்லிக் கொடுக்க யாராலும் முடியாது. நான் விட்டேன், வண்டி தும்மி நின்றது. மறுபடி விட்டேன், மறுபடி நின்றது. செல்வியின் கையில் அது குதிரை மாதிரி முன்சக்கரம் தூக்கப் பார்த்தது. சேவியர் கத்தவே இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள் கத்த மாட்டார்கள் போலிருக்கிறது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு எப்போதோ, எப்படி என்று தெரியாமல், வண்டி நிற்காமல் நகர்ந்தது. முதல் கியர், இரண்டாவது. கண்ணில் காற்று. மூன்றாவது போட்டபோது, ரோட்டின் இரண்டு பக்கமும் இருந்த முட்செடிகள் ஒன்றாகக் கலந்து ஒரே பச்சைக் கோடாக ஓடின. நான் பாடிக்கொண்டிருந்தேன் என்று செல்வி பிற்பாடு சொன்னாள். மலாய்ப் பாட்டாம். எனக்கு நினைவில்லை. ரோடு முடியும் இடம் வந்தபோதுதான் திரும்பக் கற்றுக்கொள்ளவில்லை என்பது ஞாபகம் வந்தது. பிரேக் பிடித்து நின்று, இறங்கி, வண்டியைத் தள்ளித் திருப்பி, மறுபடியும் ஏறி வந்தேன்.

உரிமத் தேர்வில் எட்டுப் போட வேண்டும். நான் முதல் தடவையே போட்டுவிட்டேன். செல்வி ஒரு கால் ஊன்றிவிட்டாள், அடுத்த தடவை போட்டாள். அன்று இருவரும் பிரியாணி சாப்பிட்டோம்.

5

மறுபடியும் அதே ஷோரூம், அதே பையன். இந்த முறை நாங்கள் நால்வர், செல்வியும் உண்டு.

படங்களைப் பார்த்துப் பார்த்து இப்போது நான் ஆசைப்பட்டது செல்வி சொன்ன அதே சிவப்பு வண்டி. அதில் ஏறினால் என் கால்விரல்கள் மட்டும் தரையைத் தொடும். அதற்குப் பக்கத்தில் அடர்பச்சையில் ஒரு வண்டி நின்றது, நூற்றிருபத்தைந்து சி.சி., பார்க்கச் சாதுவாக இருந்தது. அதில் இரண்டு பாதமும் முழுதாக ஊன்ற முடிந்தது. பையன் சிவப்பைப் புகழ்ந்தான். சேவியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத்த கீழ சாச்சு வைக்கணும்" என்றார்.

பையனுக்குப் புரியவில்லை. வண்டியைத் தரையில் படுக்க வைக்க வேண்டும், அம்மா அதைத் தூக்கி நிறுத்த வேண்டும், அதைத்தான் கேட்கிறேன் என்று சேவியர் விளக்கினார். பையன் மேனேஜரிடம் ஓடினான். மேனேஜர் வந்து, புது வண்டியை யாரும் படுக்க வைத்துப் பார்க்க மாட்டார்கள் என்றார். சேவியர் குரலை உயர்த்தாமல் பேசினார்:

"வுழாம ஓட்டக் கத்துக்கறவங்க யாரும் கெடையாது சார். வுழுந்தா எழுந்து வண்டியத் தூக்கினு ஓரமா வந்துடணும். நடு ரோட்ல நின்னுகினு யாராச்சும் வருவாங்களான்னு பாக்கக் கூடாது. பின்னாடி லாரி வரும்."

என்ன வேலை செய்கிறீர்கள் என்று மேனேஜர் கேட்டார். சேவியர் சொன்னார். பிறகு எங்களைக் கடைக்குப் பின்னால், ஓட்டிப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் வண்டிகள் நின்ற இடத்துக்கு அழைத்துப் போனார். கோணிப்பைகளை விரித்து, அதன் மேல் முதலில் சிவப்பை மெதுவாகச் சாய்த்தார்கள்.

சேவியர் எப்படி என்று காட்டினார். வண்டிக்கு முதுகைக் கொடுத்து, சீட்டில் இடுப்பைச் சாய்த்து, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின்னால் இருக்கும் கம்பியையும் பிடித்து, காலால் தள்ள வேண்டும், கையால் தூக்கக் கூடாது. செய்தேன். வண்டி கொஞ்சம் எழும்பியது, என் செருப்பு வழுக்கியது, மறுபடியும் படுத்துவிட்டது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொரு முறை. பாதி வரை வந்து, அதற்கு மேல் வரவில்லை. பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்குகள் எல்லோரும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வி வந்தாள். முதுகைக் கொடுத்தாள், ஒரே தள்ளு, சிவப்பு எழுந்து நின்றது.

பச்சையைச் சாய்த்தார்கள். அதற்கு முதுகைக் கொடுத்தபோது என் மனதில் ஒன்று ஓடியது. இதுவும் வராவிட்டால் ரோஜா நிற ஸ்கூட்டர்தான், இல்லாவிட்டால் டிரைவர் சீட்டின் ஓரம்தான். காலை ஊன்றித் தள்ளினேன். கனம் இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கியது. ஒரு அடி பின்னால் வைத்தேன், இன்னொரு அடி. திடீரென்று கனமே இல்லை. திரும்பிப் பார்த்தேன், வண்டி நின்றுகொண்டிருந்தது.

"தூக்கிட்டியளேக்கா" என்றாள் செல்வி.

சேவியர் வண்டியை மறுபடியும் சாய்த்தார். மறுபடியும் தூக்கினேன். மூன்றாவது தடவை சாய்க்கப் போனவரை, போதும் சார் என்று மேனேஜரே தடுத்துவிட்டார்.

பின்னால் இருந்த சந்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ஆசைக்கு முதலில் சிவப்பில் ஏறினேன். அது பாய்ந்தது, நான் சத்தமாகச் சிரித்தேன், சந்து முடிந்துபோனது, அதற்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு பச்சை. நான் திரும்ப நினைத்த இடத்தில் அது திரும்பியது. மெதுவாக என்று நினைத்தேன், மெதுவானது. சந்தின் கோடியில் ஒரு நாய் படுத்திருந்தது. அது எழுந்திருக்காமலேயே அதைச் சுற்றிக்கொண்டு வந்தேன். இறங்கும்போது எனக்குச் சந்தேகமே இல்லை. சிவப்பு மேல் இருந்த ஆசை போய்விட்டதா என்று கேட்காதீர்கள், அது போகாது. ஆனால் அதைச் செல்வி அன்றைக்கே பதிவு செய்துவிட்டாள், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

"இது என்னோடது" என்று பையனிடம் சொன்னேன். இந்த முறை அவன் எல்லா விவரத்தையும் என் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

6

வண்டி வீட்டுக்கு வந்த நாளன்று தெருவே வந்து பார்த்தது. தெரசா அக்கா எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தார். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். ஜெனிட்டா தோழிகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் அவர்களிடம், "எங்கம்மா மோட்டர் வாங்கிகிச்சிடி" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, இவள், "தண்ணி மோட்டர் இல்லடி, மலேசியால அப்டித்தான் சொல்லுவாங்க" என்று விளக்கம் சொன்னாள். சின்னதில் நான் சொல்லிக் கொடுத்த மலாய் அவளுக்கு மறந்து நாளாகிறது. இந்த ஊர்ப் பெண்ணாகவே வளர்ந்துவிட்டாள், அப்படித்தான் ஆகும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எங்கே வைத்திருந்தாளோ.

முதல் நாள் வேலைக்குப் போகும்போது காற்றுக்கு ஜாக்கெட்டைத் திருப்பி மாட்டிக்கொண்டேன். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி பதறிப்போய், மேடம் சட்டையை அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டீர்கள் என்றார். செல்வி தன் சிவப்பில் பின்னாலேயே வந்து நின்றாள். அவள் அப்பாவுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டேன். போட்டோ அனுப்பினாளாம். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. பிறகு, ஹெல்மெட் எங்கே என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவள் குதித்துக்கொண்டிருந்தாள்.

சேவியர் சொல்லிக் கொடுத்தபடி மணல் சேரும் திருப்பத்தில் மெதுவாகப் போகிறேன், லாரி வெளியே வரும் கேட்டுக்கு முன்னால் ஹார்ன் அடிக்கிறேன். பயம் இருக்கிறது. இருக்கட்டும் என்கிறார் அவர்.

போன வாரம் எனக்கு விடுமுறை. பிள்ளை பள்ளிக்குப் போய்விட்டாள். சமையலை முடித்துவிட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்தேன். எங்கேயும் போகவேண்டிய அவசியம் இல்லை. சாவியை எடுத்துக்கொண்டேன்.

ஆம்புலன்ஸ்கள் நிற்கும் இடம் எங்கள் வீட்டிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. ஆனால் எந்த பஸ்ஸும் எந்த ஆட்டோவும் அந்தப் பக்கம் போவதில்லை, அதனால் இத்தனை வருடத்தில் நான் அதைப் பார்த்தது கிடையாது. ரோட்டோரம் ஒரு தகர ஷெட், இரண்டு வண்டிகள், ஒரு பெஞ்ச், ஒரு புங்க மரம். சேவியர் பெஞ்சில் உட்கார்ந்து அப்போதுதான் வாங்கிய டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றும்வரை அவருக்கு நான் யார் என்று தெரியவில்லை. தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார், ஏதோ பெரிய அதிகாரி வந்த மாதிரி.

கூட இருந்த நர்ஸ் பையனுக்கு என்னை அறிமுகப்படுத்தினார். அந்தப் பையன், உங்களைப் பற்றி அண்ணன் நிறையச் சொல்லியிருக்கிறார் என்றான். என்ன சொன்னார் என்று கேட்டேன். வண்டி தூக்கிய கதையைத்தான் என்றான். இங்கே வருகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம், மூன்று தடவை தூக்கியதாக. இரண்டு தடவைதான் என்று நான் திருத்தவில்லை.

அதற்குள் போன் வந்தது. சேவியர் டீயை என் கையில் கொடுத்தார். அவர் ஓடியதை நான் பார்க்கவே இல்லை, அத்தனை வேகம். கதவு மூடிய சத்தம் கேட்டது, வண்டி ரோட்டில் ஏறியது, சைரன் எழும்பியது. லாரிகள் ஒவ்வொன்றாக ஒதுங்க, நடுவில் திறந்த இடைவெளியில் அந்த வெள்ளை வண்டி வளைந்து வளைந்து போய் மறைந்தது. இவர் இப்படி ஓட்டுவார் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு அழகாக ஓட்டுவார் என்று.

புங்க மர நிழலில் அவர் பெஞ்சில் உட்கார்ந்து அந்த டீயைக் குடித்து முடித்தேன். சர்க்கரை அதிகம். வீட்டில் சர்க்கரையே போடாமல் குடிப்பவர். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வண்டிக்கு வந்தேன். இடது பக்கம் திரும்பினால் வீடு. வலது பக்கம் எங்கே போகிறது என்று, மற்ற ஆம்புலன்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரிடம் கேட்டேன். நேரே போனால் வாலாஜாபாத், அப்புறம் காஞ்சிபுரம், ரோடு நல்லாக் கீது என்றார்.

கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ஒன்றும் வரவில்லை. வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டேன்.